கஞ்சி மட்டும் போதாது: புற்றுநோய்ச் சிகிச்சைக் காலத்துச் சாப்பாடு

அப்பாவுக்கு நாக்கில் புற்றுநோய் என்று தெரியவந்தபோது அவருடைய எடை 58 கிலோ. அறுவை சிகிச்சை முடிந்து, கரண்டு வைக்க, அதாவது ரேடியேஷன் கொடுக்க, ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில் ஒருநாள் எடை பார்த்தார்கள். 51. நடுவில் ஏழு கிலோ எப்போது போனது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பேன்ட் போடுகிறவராக இருந்தால் பெல்ட்டின் துளை காட்டிக்கொடுத்திருக்கும். அப்பா வேட்டி கட்டுபவர். எவ்வளவு இளைத்தாலும் வேட்டி இடுப்பில் நிற்கும்.

அவரை நாங்கள் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மா கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார். அப்பாவும் முகம் சுளித்தபடி குடித்துக்கொண்டுதான் இருந்தார். அப்படியும் ஏழு கிலோ போனது. அது ஏன் என்பதைப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம். வீட்டில் ஒருவருக்குக் கீமோவோ ரேடியேஷனோ தொடங்கப்போகிறது என்றால், முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியவை இவை. மாத்திரை, உணவு டியூப் போன்ற முடிவுகளை மருத்துவரும் டயட்டீஷியனும்தான் எடுக்க வேண்டும். ஆனால் அவர்களிடம் என்ன கேட்பது என்றாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

எடை ஏன் குறைகிறது?

இதில் இரண்டு தனித்தனிக் காரணங்கள் கலந்திருக்கின்றன. முதலாவது எல்லோருக்கும் புரிவது: சாப்பிட முடியவில்லை. வாயில் புண், குமட்டல், கசப்பு, விழுங்கும்போது வலி, மலச்சிக்கல், பயம், தூக்கமின்மை. இதில் எது இருந்தாலும் தட்டில் வைத்தது தட்டிலேயே இருக்கும்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாது. சாதாரணமாக ஒருவர் பட்டினி கிடந்தால் உடம்பு சிக்கனமாக நடந்துகொள்ளும். சேர்த்து வைத்த கொழுப்பை எடுத்துச் செலவழித்து, தசையை முடிந்தவரை காப்பாற்றும். புற்றுநோய் உள்ள உடம்பில் இந்தச் சிக்கனம் கெட்டுப்போகிறது. கட்டியும், அதை எதிர்க்கும் நம் உடம்பும் சேர்ந்து அழற்சிப் பொருட்கள் சிலவற்றை ரத்தத்தில் விடுகின்றன. அவை கொழுப்போடு தசையையும் கரைக்கின்றன. மூளைக்குப் போய்ப் பசியையும் அடக்குகின்றன. இந்த நிலைக்கு மருத்துவத்தில் கேகெக்சியா என்று பெயர். ஆறு மாதத்துக்குள் தன்னையறியாமல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதை இந்தக் கணக்கில் வைக்கிறார்கள். 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ. அவ்வளவுதான். நாமோ 10 கிலோ போன பிறகுதான் கவலைப்பட ஆரம்பிக்கிறோம்.

இதைப் புரிந்துகொண்டால் வீட்டில் ஒரு பெரிய சண்டை ஓய்ந்துவிடும். "மனசு வெச்சா சாப்பிடலாம், நீங்கதான் முயற்சி பண்ண மாட்டேங்கிறீங்க" என்று அப்பாவிடம் நானே சொல்லியிருக்கிறேன். அவருக்கு உண்மையிலேயே பசிக்கவில்லை. பசி என்ற உணர்வே உள்ளே அணைந்திருந்தது. அதைப் பிடிவாதம் என்று நினைத்துப் பேசியதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

எடை குறைந்தால் என்ன, பிறகு தேற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கக்கூடாது. தசை போனால் கீமோவைத் தாங்கும் சக்தி போகிறது. மருந்தின் அளவைக் குறைக்கவோ அடுத்த சுற்றைத் தள்ளிப்போடவோ நேர்கிறது. அறுவை சிகிச்சைப் புண் ஆறத் தாமதமாகிறது, தொற்று எளிதில் பிடிக்கிறது. தலை, கழுத்துப் பகுதிக்கு ரேடியேஷன் கொடுக்கும்போது முகத்துக்கு அச்செடுத்து, வலை போன்ற ஒரு பிளாஸ்டிக் மாஸ்க் செய்து, அதை மாட்டி ஆடாமல் படுக்கவைப்பார்கள். ஆள் இளைத்துவிட்டால் அந்த மாஸ்க் தொளதொளத்துப்போகும். கதிர் படவேண்டிய இடத்தில் சரியாகப் பட வேண்டுமே! அதனால் மறுபடி ஸ்கேன் எடுத்து, மறுபடி அச்செடுத்து, திட்டத்தை மாற்றிப் போட வேண்டியிருக்கும். சாப்பாடும் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

ஆகவே வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே தராசில், காலையில் எடை பாருங்கள். காலண்டரில் எழுதிவையுங்கள். தராசு இல்லாவிட்டால் கைக்கடிகாரம் தளர்கிறதா, வளையல் முழங்கை வரை ஏறுகிறதா, ஜாக்கெட் தோளில் இறங்குகிறதா என்று கவனியுங்கள். உடம்பு பருமனானவர்களுக்கும் இது பொருந்தும். வெளியே பருமனாகத் தெரியும்போதே உள்ளே தசை கரைந்துகொண்டிருக்கலாம். வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ கால் வீங்கியிருந்தாலோ எடை ஏமாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். எல்லோருக்கும் எடை குறையும் என்றும் இல்லை. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் எடை கூடுகிறவர்கள் நிறையப் பேர்; அவர்களுக்கான உணவுத் திட்டம் வேறு.

கஞ்சிக் கணக்கு

இப்போது அம்மாவின் கஞ்சிக்கு வருவோம். சிகிச்சையில் இருக்கும் ஒருவருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 25 முதல் 30 கலோரி தேவை. புரதம் கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையக்கூடாது, முடிந்தால் 1.5 கிராம் வரை போகலாம். அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 1,250 முதல் 1,500 கலோரி, 50 முதல் 75 கிராம் புரதம்.

ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் எவ்வளவு அரிசி இருக்கும்? 20 கிராம் இருந்தால் அதிகம். அதில் கிடைப்பது சுமார் 70 கலோரி, 2 கிராமுக்கும் குறைவான புரதம். மீதியெல்லாம் தண்ணீர். ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் குடித்தாலும் 420 கலோரி, 10 கிராம் புரதம். தேவையில் மூன்றில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. நாங்கள் அப்பாவுக்கு வயிறு நிறையத்தான் கொடுத்தோம். ஆனால் வயிறு நிறைந்ததே தவிர உடம்புக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

அதே டம்ளரை மாற்ற முடியும். 20 கிராம் அரிசியோடு 20 கிராம் பாசிப்பருப்பை வறுத்துச் சேர்த்துக் குழைய வேகவையுங்கள். அரை டம்ளர் பால், ஒரு மேசைக்கரண்டி வறுத்த வேர்க்கடலைப் பொடி, ஒரு டீஸ்பூன் நெய். இப்போது அந்த ஒரு டம்ளரில் 300 கலோரிக்குப் பக்கமாக இருக்கிறது, 12 கிராம் அளவுக்குப் புரதமும் இருக்கிறது. குடிக்கும் அளவு ஒன்றுதான். ஆறு டம்ளர் குடிக்கத் தெம்பில்லாத ஆளுக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாமே.

இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதை நீங்களே செய்துவிடுவீர்கள்: குறைந்த அளவுக்குள் அதிகச் சத்து. ரசம் சாதத்தில் பருப்பு மசித்துச் சேர்க்கலாம். இட்லியில் எண்ணெய்ப் பொடியைத் தாராளமாகத் தடவலாம். பாலில் இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடரைக் கரைக்கலாம். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பால். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், ஒரு டம்ளர் பாலிலும் அதே அளவுதான், 100 கிராம் மீனில் 20 கிராம் போல. தயிர், பனீர், பொட்டுக்கடலை, மசித்த சுண்டல் எல்லாம் கைகொடுக்கும். சைவமா அசைவமா என்பது இங்கே பிரச்சினை இல்லை. சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கைத் தாங்களாகப் போடாமல் டயட்டீஷியனிடம் கேட்டுப் போட வேண்டும்.

ஆட்டுக்கால் சூப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். சூடாகத் தொண்டையில் இறங்கும் இதம் உண்மை. ஆனால் வடிகட்டிய சூப்பில் இருக்கும் புரதம் குறைவு, இருப்பதும் தசையைக் கட்டுவதற்கு அவ்வளவாக உதவாத ஜெலட்டின் வகை. சூப் கொடுங்கள், அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அதேபோல் "ரொம்ப சோர்வா இருக்கார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்" என்று கேட்காத குடும்பம் நம் ஊரில் அபூர்வம். சாதாரண 5 சதவீதக் குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ், 100 கலோரிக்கு மேல் இல்லை. இரண்டு இட்லிக்குச் சமம். புரதம் துளியும் கிடையாது. உடம்பில் நீர் வற்றியிருந்தால் டிரிப்ஸ் உயிர் காக்கும். ஆனால் அது சாப்பாடாகாது.

பத்தியம் என்ற பெயரில்

நம் வீடுகளில் நோய் என்றாலே பத்தியம் பின்னாலேயே வந்துவிடும். பருப்பு போட்டால் புண் சீழ் பிடிக்கும், கத்திரிக்காயும் மீனும் கரப்பான், முட்டை சூடு, தயிர் சளி, வாழைப்பழம் வாயு. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்லி, தட்டிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டுப் போவார்கள். அப்பாவுக்கு அறுவை சிகிச்சையான முதல் பத்து நாளில் பருப்பும் முட்டையும் மீனும் நின்றுபோயின. புண் ஆறுவதற்குப் புரதம்தான் முதல் தேவை. பருப்புக்கும் சீழுக்கும் சம்பந்தம் கிடையாது, கிருமி உள்ளே போனால்தான் சீழ் பிடிக்கும். அன்பினால் செய்ததுதான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரிடமிருந்து ஒரு உணவைப் பறிப்பதற்கு முன்னால், அதைப் பறிக்கச் சொன்னது மருத்துவரா, பக்கத்து வீட்டு அக்காவா என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

கீமோ நாட்காட்டி

கீமோவைப் பல நேரங்களில் 21 நாள் சுற்றாகக் கொடுப்பார்கள். அந்த 21 நாளும் ஒரே மாதிரி இருக்காது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஊசி போட்ட முதல் ஐந்து நாள் குமட்டலும் சோர்வும். இரண்டாவது வாரம் வாய்ப்புண் வரலாம், ரத்த அணுக்களும் அப்போதுதான் ரொம்பவும் இறங்கும். மூன்றாவது வாரம் பசி மெல்லத் திரும்பும். அந்த நல்ல வாரத்தை வீணாக்காதீர்கள். மீன் குழம்பா, ஆப்பமா, பிரியாணியா, ஆசைப்பட்டதை அப்போது வீட்டிலேயே செய்துகொடுங்கள். முதல் ஐந்து நாளில் கட்டாயப்படுத்தி ஊட்டுவதைவிட மூன்றாவது வாரத்தில் நன்றாகச் சாப்பிடவைப்பது பலமடங்கு பலன் தரும்.

குமட்டலுக்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஒன்டான்செட்ரான், டெக்ஸாமெதாசோன், அப்ரெபிடன்ட், ஒலான்சபின் என்று மருந்துக்கேற்ப இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுப்பார்கள். பலர் செய்யும் தவறு, வாந்தி வந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று மாத்திரையை எடுத்துவைப்பது. வந்த வாந்தியை நிறுத்துவது கடினம், வராமல் தடுப்பது எளிது. எழுதிக்கொடுத்தபடி நேரத்துக்குப் போட வேண்டும். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளில் முதல் நாள் ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டு இரண்டாவது, மூன்றாவது நாளில் குமட்டல் வருவதும் உண்டு. அதனால் "இன்னைக்கு நல்லாத்தானே இருக்கு" என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்த மாத்திரை கேட்கவில்லை என்றால் அடுத்த சுற்று வரை பொறுத்துக்கொண்டிருக்காமல் உடனே சொல்லுங்கள். வேறு மருந்து இருக்கிறது.

வாசனைதான் பெரிய எதிரி. தாளிக்கும் நெடி, வெங்காயம் வதங்கும் வாசனை, குக்கர் ஆவி இவை போதும், சாப்பாடு வருவதற்கு முன்பே வயிறு புரட்டிவிடும். சமைக்கிற நேரத்தில் அவரை வாசலிலோ மொட்டை மாடியிலோ உட்காரவைக்கலாம். சூடாக இருக்கும் உணவுக்குத்தான் வாசனை அதிகம். ஆறின இட்லி, தயிர் சாதம், குளிர்ந்த பால் இவற்றைப் பலரால் சாப்பிட முடிகிறது. மூன்று வேளை தட்டு நிறைய என்பதை விட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பிடி அளவு. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடித்தால் வயிறு அதிலேயே நிரம்பிவிடும், நடுநடுவே குடிக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை இங்கே முக்கியம். குளிர்ந்தது நல்லது என்பது எல்லோருக்கும் பொருந்தாது. குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஆக்சாலிபிளாட்டின் மருந்து நரம்புகளைக் குளிருக்குக் கூச வைக்கும். ஊசி போட்டுச் சில நாட்கள் வரை ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகி மூச்சடைப்பதுபோல் ஆகிவிடும். ஃப்ரிட்ஜுக்குள் கைவிட்டாலே விரல் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுண்டும். என்ன மருந்து போகிறது என்று பெயரைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

இன்னொன்று எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது. 1978-இல் இலீன் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு ஆய்வை வெளியிட்டார். கீமோவுக்கு முன் குழந்தைகளுக்குப் புதுச் சுவையுள்ள ஒரு ஐஸ்கிரீமைக் கொடுத்தார்கள். பிறகு அதே ஐஸ்கிரீமைக் காட்டியபோது அவர்களில் பலர் வேண்டாம் என்றார்கள். வாந்தி வந்தது மருந்தால் என்றாலும், மூளை பழியைக் கடைசியாகச் சாப்பிட்ட பொருளின் மேல் போட்டுவிடுகிறது. ஆகவே தெம்பு வரட்டும் என்று கீமோ போகும் நாள் காலையில் அவருக்கு உயிரான உணவைச் செய்துகொடுக்காதீர்கள். ஆயுசுக்கும் அது வெறுத்துப்போக வாய்ப்பு உண்டு. அன்றைக்கு இட்லியோ ரொட்டியோ சாதாரணமாக எதையாவது கொடுங்கள்.

வாய் கசப்பதும் இரும்பு நாக்கில் பட்டதுபோல் இருப்பதும் கீமோவில் மிகச் சாதாரணம். சுவையை உணரும் செல்களுக்கு ஆயுள் ஏறத்தாழ பத்து நாள்தான். வேகமாகப் பிறக்கும் செல்களைத்தான் கீமோ அடிக்கும், அதில் இவையும் மாட்டிக்கொள்கின்றன. எவர்சில்வர் தட்டு, டம்ளர், கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியிலும் பீங்கானிலும் கொடுத்துப் பாருங்கள். வாயில் புண் இல்லாதவரை எலுமிச்சை, நார்த்தங்காய், புதினா, மாங்காய் சிறிது தொட்டுக்கொண்டால் நாக்கு விழித்துக்கொள்ளும். இறைச்சி கசந்தால் விட்டுவிடுங்கள். புரதத்துக்கு முட்டையும் பயறும் இருக்கவே இருக்கின்றன.

வாயும் தொண்டையும்

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வாரத்துக்கு ஐந்து நாள் என்ற கணக்கில் 30 முதல் 35 தடவை வரை கரண்டு வைப்பார்கள். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. "இவ்வளவுதானா" என்று நிம்மதியாக இருப்போம். இரண்டாவது வாரக் கடைசியில் வாய் சிவக்கும், மூன்றாவது வாரம் புண்ணாகும். சிகிச்சை முடிந்து ஓரிரு வாரம் வரை அது ஏறிக்கொண்டே போகும். எச்சில் கோந்துபோல் ஆகி, அப்புறம் வற்றிப்போகும். அப்பா தண்ணீரை விழுங்குவதற்கு முன் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதற்குச் செய்யக்கூடியவை இருக்கின்றன. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, சாப்பிடும் முன்பும் பின்பும், நாளைக்கு ஐந்தாறு தடவை கொப்பளிக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே ஆரம்பிப்பது நல்லது. கடையில் வாங்கும் மவுத்வாஷில் ஆல்கஹால் இருந்தால் அது எரியும், வேண்டாம். வலிக்குத் தாராளமாக மருந்து கேளுங்கள். சாப்பிடுவதற்கு முன் வாயில் தடவும் மரப்பு ஜெல் உண்டு. அது போதாதபோது மார்ஃபின் கொடுப்பார்கள்; பெயரைக் கேட்டுப் பயந்து மறுக்க வேண்டாம். வலி குறைந்தால்தான் வாய் திறக்கும். காரம், புளிப்பு, முறுக்கு, ரொட்டி ஓரம் இவையெல்லாம் இப்போது எதிரிகள். குழைந்த பொங்கல், பால் விட்டுக் கரைத்த இட்லி, கஸ்டர்ட், ராகிக்கூழ், மசித்த வாழைப்பழம், முட்டையை அடித்து ஊற்றி நன்றாக வேகவைத்த கஞ்சி இவை இறங்கும். தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தாலோ குரல் களகளத்தாலோ உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று அர்த்தம். அன்றே சொல்ல வேண்டும்.

இப்போது டியூப். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் அதிகம் தவறு செய்த இடம் இதுதான். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபை வைக்கலாம் என்று சொன்னபோது வீடே அழுதது. டியூப் வைத்தால் ஆள் அவ்வளவுதான் என்று எங்கள் எண்ணம். மூக்கில் டியூபோடு படுத்திருந்த யாரோ ஒருவரைக் கடைசி நாளில் பார்த்த ஞாபகம் எல்லோரிடமும் இருக்கிறது. பத்து நாள் தள்ளிப்போட்டோம். அந்தப் பத்து நாளில் இன்னும் இரண்டு கிலோ போனது.

வாய் ஆறும் வரைக்குமான மாற்றுப் பாதைதான் டியூப். புண் ஆறியதும் எடுத்துவிடுவார்கள். பல வாரங்களுக்கு மேல் தேவைப்படும் என்று தோன்றினால், வயிற்றில் சின்னத் துளையிட்டு நேராக இரைப்பைக்குள் டியூப் வைப்பதும் உண்டு. அது சட்டைக்குள் மறைந்துவிடும். ஊற்றும்போது தலைப்பக்கம் உயர்ந்து, பாதி உட்கார்ந்த நிலையில் இருக்க வேண்டும், ஊற்றி முடித்து அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். ஊற்றும் முன்பும் பின்பும் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். இங்கேயும் வெறும் கஞ்சித் தண்ணீரை ஊற்றக்கூடாது; முன்னே சொன்ன அதே கணக்குதான், மிக்ஸியில் நைசாக அரைத்து வடிகட்டி ஊற்ற வேண்டும். டியூப் இருக்கிறதே என்று விழுங்குவதை அடியோடு நிறுத்திவிடவும் கூடாது. மருத்துவர் அனுமதித்தால் நாளுக்குச் சில வாய் தண்ணீராவது விழுங்கி, வாயைத் திறந்து மூடும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும். பயன்படுத்தாத தொண்டைத் தசைகள் விழுங்குவதை மறந்துவிடும். தாடையும் இறுகிக்கொள்ளும்.

டியூப் வைத்த ஐந்தாவது நாள் அப்பா எழுந்து தானே குளிக்கப் போனார்.

வயிறும் கிருமியும்

வாந்தி மாத்திரையும் வலி மாத்திரையும் மலச்சிக்கலைக் கொண்டுவரும். தண்ணீர், பழம், சிறிது நடை, தேவைப்பட்டால் மருத்துவர் தரும் மலமிளக்கி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அடிவயிற்றில் ரேடியேஷன் கொடுக்கும்போதும் சில கீமோ மருந்துகளிலும் நேர்மாறாக வயிற்றுப்போக்கு வரும். அப்போது கீரை, முழுப்பயறு, எண்ணெய்ப் பலகாரம், ஒத்துக்கொள்ளாவிட்டால் பால், இவற்றைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, சாதம், மோர், வாழைப்பழம், ஓ.ஆர்.எஸ். கரைசல் என்று போக வேண்டும்.

ரத்தத்தில் வெள்ளை அணு குறையும் இரண்டாவது வாரத்தில் சாப்பாட்டுச் சுத்தம் உயிர் விஷயம். புதிதாகச் சமைத்தது, நன்றாக வெந்தது, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். சமைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததைக் கொடுக்காதீர்கள். தள்ளுவண்டியில் வெட்டி வைத்த பழம், ஹோட்டல் சட்னி, அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். பழைய சோறு மற்ற நாட்களில் அருமையான உணவுதான், ஆனால் இரவெல்லாம் நுண்ணுயிர் வளர்ந்த உணவை இந்த வாரம் தவிர்க்கலாம். அதற்காகப் பழத்தையே நிறுத்த வேண்டியதில்லை. நன்றாகக் கழுவி வீட்டில் தோலுரித்துக் கொடுத்தால் போதும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சர்க்கரையை நிறுத்தினால்?

"சர்க்கரைதான் கேன்சருக்குத் தீனி, அதை நிறுத்தினா செத்துடும்" என்று வாட்ஸ்அப்பில் வராத வீடு இல்லை. புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அதிகமாக இழுப்பது உண்மைதான். ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே இதைக் கவனித்தார், கட்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் (PET) ஸ்கேன் எடுப்பதும் இந்தக் குணத்தை வைத்துத்தான். ஆனால் மூளையும் ரத்த அணுக்களும்கூடக் குளுக்கோஸில்தான் ஓடுகின்றன. நாம் சாப்பிடாவிட்டால் உடம்பு தன் தசையைக் கரைத்தாவது குளுக்கோஸ் தயாரித்துக்கொள்ளும். கட்டி பட்டினி கிடக்காது, ஆள்தான் இளைப்பார். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், குமட்டலுக்குக் கொடுக்கும் டெக்ஸாமெதாசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை ஏற்றும் என்பதால் கூடுதல் கவனமும் வேண்டும். அது வேறு விஷயம். எடை இறங்கிக்கொண்டிருப்பவர் ஆசைப்பட்டுக் கேட்கும் பாயசத்தைத் தடுப்பதில் ஒரு நியாயமும் இல்லை.

முள்சீத்தா, கோதுமைப்புல் சாறு, ஆல்கலைன் தண்ணீர் எல்லாம் இதே வழியில்தான் வருகின்றன. ஏப்ரிகாட் கொட்டை மட்டும் நேரடியாக ஆபத்து. அதிலுள்ள அமிக்டலின் உடம்புக்குள் சயனைடாக மாறும். பப்ளிமாஸ் பழம்கூடச் சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். சித்த மருந்தோ நாட்டு மருந்தோ எடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு எடுங்கள்.

பசிக்கு மருந்து உண்டா?

உண்டு, ஓரளவுக்கு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு 2023-இல் வெளியானது. வயிறு, கல்லீரல், பித்தப்பை, கணையம், நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் கீமோ எடுத்த 124 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்கு ஒலான்சபின் 2.5 மில்லிகிராம் தினமும் 12 வாரம், மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரை. ஒலான்சபின் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியது. மற்றவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான் கூடியது. இது மனநல மருந்து என்று கடையில் சொன்னாலோ சீட்டில் படித்தாலோ பதற வேண்டாம், குறைந்த அளவில் பசிக்காகக் கொடுக்கிறார்கள். விலையும் குறைவு. நம் ஊருக்குப் பக்கத்தில், நம்மைப் போன்ற சாப்பாடு சாப்பிடுகிறவர்களிடம் கிடைத்த இந்த முடிவு, அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலிலும் இடம்பிடித்திருக்கிறது. "பசிக்கு ஏதாவது மருந்து கொடுக்க முடியுமா?" என்று நீங்களே கேட்கலாம்.

ஆனால் நோய் மிகவும் முற்றிய கட்டத்தில் எவ்வளவு ஊட்டினாலும் உடம்பு ஏற்றுக்கொள்ளாது. அப்போது சாப்பிடாததால் அவர் போகவில்லை; போகும் நேரம் வந்ததால் உடம்பு சாப்பாட்டை விடுகிறது. இதை ஏற்றுக்கொள்வது நமக்கு மிகவும் கடினம், சோறு போடுவதுதான் நமக்குத் தெரிந்த அன்பு. அந்த நாட்களில் கலோரிக் கணக்கைத் தூக்கிப்போட்டுவிடலாம். இரண்டு ஸ்பூன் காபி கேட்டால் காபி. உதட்டை ஈரத்துணியால் நனைத்துவிடலாம், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம். வாயைத் திறக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம்.

சிகிச்சை முடிந்த பிறகு

கடைசி ரேடியேஷன் முடிந்த மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தோம். வாய்ப்புண் ஆறவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. சுவை திரும்ப மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட. எச்சில் சுரப்பிகள் கதிரில் அடிபட்டிருந்தால் வாய் வறட்சி ஓரளவு நிரந்தரமாகவே தங்கிவிடலாம். எச்சில் இல்லாத வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும் என்பதால் பல் மருத்துவரை விடாமல் பார்க்க வேண்டும். பல் பிடுங்குவதாக இருந்தால் ரேடியேஷன் எடுத்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குழம்பும் மோரும் தாராளமாக விட்டுப் பிசைந்த சோறு, பக்கத்தில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில், அப்பாவின் சாப்பாடு இப்போதும் அப்படித்தான்.

டியூப் எடுத்தபோது 52 கிலோ. நான்காவது மாதம் 55. அந்த மாதம் ஒரு மத்தியானம், எதைப் போட்டாலும் மண்ணுபோல இருக்கிறது என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவர், கை நிறுத்தி அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "ரசத்துல உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றார். அம்மா அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.